வெளியை வெட்டிப் போக இருந்த தெரு

எங்கள் ஒழுங்கைக்குள் கார் வராது. பெரிய தெருவிலிருந்து நேராகப் புறப்படும் ஒழுங்கை, எங்கள் வீட்டு வளவின் மூலையில் முழங்கை மாதிரி மடங்கி, பிறகு இரண்டு பக்கமும் கிடுகு வேலிகளோடு நெளிந்து போய் வெளியில் முடியும். எதிரே மாட்டு வண்டி வந்தால் சைக்கிளில் வருகிறவர் இறங்கி, யாருடைய வேலிப் படலையோடாவது ஒட்டி நிற்கவேண்டும்.

வெளி என்று நாங்கள் சொன்னது ஊருக்குப் பொதுவான திறந்த நிலத்தை. மாரியில் அதில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். கோடையில் மாடுகள் மேயும், கிடுகு பின்னுகிற பெண்கள் ஓலை காயப்போடுவார்கள், பின்னேரங்களில் பெடியள் பந்து அடிப்பார்கள். அதன் குறுக்கே ஒற்றையடிப் பாதைகள் போயின. ஒன்று குளத்துக்கு, ஒன்று வட்டுக்கோட்டைப் பக்கம், இன்னொன்று சுடலைக்கு.

என் கலியாணத்தின்போது பெற்றோர் தங்கள் வீட்டை எனக்குச் சீதனமாகத் தந்தார்கள். அவர்கள் காலமான பிறகும் நான் அந்த மடக்கில்தான் இருந்தேன். அண்ணை மணம் செய்து போனது ஒழுங்கையின் மற்ற முனைக்கு, வெளியோடு ஒட்டிய, நான் மச்சாள் என்று கூப்பிடுகிற அவர் மனைவியின் வீட்டுக்கு. என் கணவருக்குக் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியப் போய்விடுவார். மற்ற நாட்களில் நானும் கைக்குழந்தையாக இருந்த என் மகனும்தான். அதனால் அண்ணை காலையும் மாலையும் பெரிய தெருச் சந்திக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி, "என்ன பிள்ளை, ஏதும் வேணுமோ?" என்று கேட்காமல் போகமாட்டார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மச்சாளுக்கு அது தலைப்பிள்ளை. மத்தியானம் வலி தொடங்கியது. பின்னேரம் மருத்துவிச்சி வெளியே வந்து அண்ணையிடம் சொன்னா.

"பிள்ளை குறுக்கை கிடக்குது. என்னாலை ஏலாது. மானிப்பாய் ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கோ. சுணங்காதையுங்கோ."

அண்ணை நனைந்துகொண்டு சைக்கிளில் சந்திக்குப் போய் வாடகைக் கார் ஒன்றைக் கூட்டி வந்தார். கார்க்காரர் மனமிரங்கி ஒழுங்கைக்குள் இறக்கிப் பார்த்தார். எங்கள் மடக்கில் முன் சில்லு சேற்றில் இறங்கிவிட்டது. அதைத் தள்ளி எடுத்துப் பெரிய தெருவில் திரும்ப விடுவதற்கே நேரம் போய்விட்டது. பிறகு அயலட்டை ஆண்கள் ஒரு சாய்மனைக் கதிரையில் இரண்டு பனஞ்சிலாகைகளைக் காவுதடியாகக் கட்டி, மச்சாளை அதில் இருத்திக் காரடிக்குத் தூக்கினார்கள். நான் மேலே தார்ப்பாய் பிடித்துக்கொண்டு கூட நடந்தேன். தண்ணீருக்குள் நிலம் தெரியவில்லை. முன்னால் தூக்கினவருக்குக் கால் சறுக்கியபோது கதிரை ஒரு பக்கம் சரிந்தது. மச்சாள் கத்தவில்லை. என் கையைப் பிடித்த பிடியில் அவவின் நகம் என் தோலுக்குள் இறங்கியது.

ஆசுபத்திரியில் பிறந்தது பெண் குழந்தை. கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது, பிறகு நின்றுவிட்டது. மச்சாளையும் தப்பவைப்பது கஷ்டம் என்றார்கள். நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று ஒரு தாதி இன்னொரு தாதிக்குச் சொன்னது, கதவோரம் நின்ற அண்ணையின் காதிலும் விழுந்தது.

அவரால் மச்சாளை விட்டு வர முடியவில்லை. குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அதே காரில் நான் ஊருக்கு வந்தேன். அயலில் இருந்த இரண்டு ஆண்கள்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். சின்னப் பிள்ளைகளை எங்கள் ஊரில் எரிப்பதில்லை. சுடலைக்கு இப்பால், வெளியின் மேற்கு ஓரத்தில் ஒரு மேடு இருந்தது. ஆவாரஞ்செடி மண்டியிருக்கும், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் ஏறாது. அங்கேதான் தாட்டார்கள். பெண்கள் போவதில்லை என்பதால் நான் ஒழுங்கை முடிகிற இடத்தில் நின்றேன். அவர்கள் குனிவதும் நிமிர்வதும் மழைக்குள்ளால் தெரிந்தது. கடைசியில் ஒருவர் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

மச்சாள் தப்பி வந்தா. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த பிறகு ஒரு நாள் ஆட்டுக்குக் குழை முறிக்கப் போவோம் என்று என்னைக் கூப்பிட்டா. வெளிக்குள் கொஞ்சத் தூரம் நடந்ததும் நின்றா.

"எவடம் எண்டு காட்டு."

காட்டினேன். அவ அந்தக் கல்லைத் தொடவில்லை, அழவும் இல்லை. பக்கத்து ஆவாரையில் நாலு கொப்பு முறித்து ஓலைக் கடகத்துக்குள் போட்டா.

"கொண்ணருக்குச் சொல்லாதை," என்றா, அண்ணையைக் குறித்து. "அவர் இதாலைதான் ஒவ்வொரு நாளும் தோட்டத்துக்குப் போறவர். தெரிஞ்சால் நடக்கமாட்டார்."

அண்ணையும் ஒரு நாளும் அந்த இடத்தைக் கேட்கவில்லை. அவர் கேட்டது தெருவை. வி.சி. என்று நாங்கள் சொல்கிற கிராமசபைக்கு அடுத்த தேர்தலில் நின்றார். வென்றார். அதுவரை மண்வெட்டியோடு மட்டும் கதைத்த மனிதர், கூட்டத்தில் எழும்பி நின்று, கார் வராத ஊரில் பிள்ளைகள் பிறக்க முடியாது என்று பேசினார் என்று கேள்விப்பட்டேன். அவரை எதிர்த்து ஒருவரும் கதைக்கவில்லை. எப்படிக் கதைப்பது?

அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வருவதை அரசாங்கம் நிறுத்தியது. எங்கள் வெங்காயத்துக்கு இதற்கு முன் இல்லாத விலை வந்தது. கொழும்பு லொறிகள் பெரிய தெருவில் வந்து நிற்கும். தோட்டத்திலிருந்து மூட்டைகளை வண்டியிலும் சைக்கிளிலும் ஒழுங்கையால் கொண்டுவந்து ஏற்றுவார்கள். லொறி தோட்டத்தடிக்கே வந்தால் எவ்வளவு நல்லது என்று எல்லோரும் கதைத்தார்கள். அண்ணை கேட்டது ஒரு கார் போகிற பாதை. கூட்டம் கூட்டமாக ஆட்கள் சேரச் சேர அது லொறி போகிற தெருவாக அகன்றது. கடைசியில் அது ஒழுங்கையே இல்லை. பெரிய தெருவிலிருந்து நேரே வெளியை ஊடறுத்துத் தோட்டங்களுக்குப் போகிற புதுத் தெரு. மண் போட்டு உயர்த்தி, மேலே கிறவல் சரளை பரவி, பிறகு தார் ஊற்றுவதாகத் திட்டம்.

இதைக் கேட்டதும் எனக்குப் பெரிய தெருதான் நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் பெரிய தெருவை உயர்த்தியிருந்தார்கள். மழைத் தண்ணீர் ஒரு பக்கம் தேங்கி நின்றது, மறு பக்கம் போகவில்லை. இரண்டு மூன்று கோடை கழிய, தெருவுக்கு அந்தப் பக்கத்துக் கிணறுகள் சவர்த்து உப்பாகிப்போயின. அந்தப் பக்கத்துப் பெண்கள் குடிதண்ணீருக்குக் குடத்தோடு எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு வரத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் நல்ல தண்ணீர் இருந்தது, வெளியில் நின்று ஊறுகிற மழையால்தான்.

அண்ணை வழமைபோல் படலையில் சைக்கிளை நிறுத்தியபோது சொன்னேன்.

"அண்ணை, வெளியை உயத்தினால் தண்ணி குளத்துக்குப் போகாது. கிணறெல்லாம் சவர்க்கும்."

"மதகு வைப்பம்."

"பெரிய தெருவுக்கும் மதகு வைச்சவைதானே?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ தண்ணியைப் பாக்கிறாய் பிள்ளை. நான் சனத்தைப் பாக்கிறன்."

"சனம் குடிக்கிறதும் அந்தத் தண்ணியைத்தானே?"

"அண்டைக்கு நீயும் கூட வந்தனிதானே? தார்ப்பாயைப் பிடிச்சுக்கொண்டு வந்தது நீதானே? பேந்தும் உப்பிடிக் கதைக்கிறாய்."

அவர் சைக்கிளை உழக்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் நிற்காமல் போனார். அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். மணியோசை மடக்கில் கேட்கும். நான் வெளியே வருவதற்குள் வேலிக்கு மேலால் அவருடைய தலைப்பாகை மட்டும் போவது தெரியும்.

ஊருக்குள் என்னைப் போல நினைத்தவர்கள் இருந்தார்கள். ஓலை காயப்போடுகிறவர்கள், மாடு வைத்திருந்தவர்கள். பெரிய தெருவால் போக விருப்பமில்லாமல் வெளிப் பாதையால் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் போன பெண்கள். ஆனால் வெங்காயக்காரர்கள் முன்னால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்தவர் என் கணவர்தான். அவருக்கு அடக்கிக் கதைக்கத் தெரியாது. ஒரு சனிக்கிழமை பஸ்ஸால் இறங்கி வருகிறபோது கூட்டுறவுச் சங்கக் கடை வாசலில் அண்ணையைக் கண்டு, பலர் பார்க்க வாக்குவாதப்பட்டார். வெளிக்குள் அன்று காலைதான் காணி அளக்கிறவர்கள் வந்து, தெரு போகிற வழிக்குச் சிவப்பு மை பூசிய முளைகளை இரண்டு வரிசையாக அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"உந்த முளையெல்லாம் எத்தினை நாளைக்கு நிக்குமெண்டு பாப்பம் மச்சான்," என்று இவர் சொன்னாராம். கோபத்தில் வந்த வார்த்தை. கேட்டவர்கள் ஒருவரும் அதை மறக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சரியான வெய்யில். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊர் அடங்கியிருந்தது. இவரும் மகனும் படுத்துவிட்டார்கள். கட்டின ஆட்டை அவிழ்த்து வர நான் வெளிக்குப் போனேன். அப்போதுதான் முளைகளைச் சரியாகப் பார்த்தேன். தண்ணீர் ஏறாத இடம் என்பதால் தெருவை அந்த மேட்டுக்கு மேலால் கொண்டுபோயிருந்தார்கள். வரிசைப்படி ஒரு முளை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு சாண் தள்ளி நிற்கவேண்டும்.

கிட்டப் போனபோது முளையைக் காணவில்லை, துளைதான் இருந்தது. மேட்டுக்கு அப்பால் மச்சாள் குந்தியிருந்தா. அடுத்த முளையை இரண்டு கையாலும் பிடித்து அசைத்து அசைத்து இழுத்துக்கொண்டிருந்தா. பக்கத்தில் கடகம். அதற்குள் குழை, குழைக்குக் கீழே சிவப்பு மை பூசிய கட்டைகள். அவவின் உள்ளங்கை தோல் உரிந்து இரத்தம் கசிந்தது.

"மச்சாள், என்ன வேலை உது?"

அவ திரும்பிப் பார்க்கவில்லை. "லொறி போகப் போகுதாம் இதுக்கு மேலாலை."

"அண்ணைக்குச் சொல்லுங்கோவன். சொன்னால் அவரே தெருவை விலத்திக் கொண்டு போவார்."

"என்னெண்டு சொல்லுறது? அவர் இந்தத் தெருவைக் கேக்கிறதே அந்தப் பிள்ளைக்காகத்தான். பிள்ளைக்கு மேலாலைதான் போடுறியள் எண்டு என்ரை வாயாலை சொல்லச் சொல்லுறியோ?"

முளை வந்துவிட்டது. அவ பின்னால் விழப்பார்த்தா. நான் பிடித்தேன். அவ அடுத்த முளைக்கு நகர்ந்தா. நான் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். இவர் எழும்பித் தேத்தண்ணி கேட்டார். கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். வெய்யில் என்று சொன்னேன்.

பொழுது சாய முன்னமே விஷயம் பரவிவிட்டது. ஒழுங்கைக்குள் ஆட்கள் நடக்கிற சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தபோது, எங்கள் மடக்கில் இருபது முப்பது பேர் நின்றார்கள். முன்னால் அண்ணை. அவரோடு கிராம அதிகாரியான விதானையாரும் ஒரு பொலிஸ்காரரும். ஒழுங்கை அவ்வளவு ஒடுக்கம் என்பதால் பின்னால் நின்றவர்கள் வேலியை நெரித்துக்கொண்டு நின்றார்கள். கிடுகு முறிகிற சத்தம் கேட்டது.

அண்ணை படலையைத் திறக்கவில்லை. வெளியே நின்றே கூப்பிட்டார்.

"மச்சான், வெளியிலை வாரும்."

இவர் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "என்ன?"

"முளையளை எங்கை வைச்சிருக்கிறீர்?"

"எந்த முளை?"

"நேற்றுச் சங்கக் கடையிலை ஊர் முழுக்கக் கேக்கச் சொன்னீரே, அந்த முளை."

"சொன்னனான். பிடுங்கேல்லை."

பின்னாலிருந்து யாரோ, "பொய் சொல்லுறார்," என்றார்கள். வெங்காயக்காரர் ஒருவர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார். பொலிஸ்காரர் அவரைக் கையால் மறித்துவிட்டு, அரசாங்க வேலைக்கு இடைஞ்சல் செய்தது பெரிய குற்றம் என்றும் ஸ்ரேசனுக்கு வந்து எழுதிக் கொடுக்கவேண்டும் என்றும் இவரிடம் சொன்னார். தொழிற்சாலைக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்று எனக்கு உடனே மனதில் ஓடியது. மகன் என் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணை," என்றேன். "இவர் மத்தியானம் முழுக்க வீட்டிலை படுத்துக் கிடந்தவர்."

"அப்ப ஆர் பிடுங்கினது? நீயோ?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அவருக்கு முன்பின் தெரியாத ஒருத்தி மாதிரி இருந்தேன். சொன்னால் மச்சாளைக் காட்டிக் கொடுக்கவேண்டும். சொல்லாவிட்டால் இவரைக் கொண்டு போய்விடுவார்கள். வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஏனென்றால் அதற்குள் பின்னால் நின்றவர்கள் விலகத் தொடங்கினார்கள். மச்சாள் தலையில் கடகத்தோடு வந்துகொண்டிருந்தா.

நேரே அண்ணைக்கு முன்னால் வந்து கடகத்தை இறக்கி வைத்தா. மேலே கிடந்த குழையை எடுத்து எறிந்தா. சிவப்பு முளைகள் தெரிந்தன.

"பிடுங்கினது நான்," என்றா.

அண்ணைக்கு விளங்கவில்லை. "நீ ஏன் இதுக்குள்ளை வாறாய்? வீட்டை போ."

"நான்தான் பிடுங்கினனான். இஞ்சை பாருங்கோ." இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினா. "என்னைக் கொண்டு போகச் சொல்லுங்கோ."

"உனக்கு என்ன விசரோ? உனக்காகத்தானே நான் இவ்வளவு பாடும் படுறன்."

"அந்த மேட்டிலை பிள்ளை கிடக்குது," என்றா மச்சாள். சத்தமாகச் சொல்லவில்லை. முன்னால் நின்றவர்களுக்கு மட்டும் கேட்டிருக்கும். "நீங்கள் அடிச்ச முளை அவளின்ரை தலைமாட்டிலை நிண்டது."

பின்னால் கேட்காதவர்கள், என்னவாம், என்னவாம் என்று விசாரித்தார்கள். கேட்டவர்கள் திரும்பி அவர்களுக்குச் சொன்னார்கள். அது அப்படியே ஒழுங்கையின் கடைசிவரைக்கும் போனது. போகப் போக ஒவ்வொருவராக அடங்கினார்கள். பொலிஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என்ன செய்வது என்று கேட்கிற மாதிரி விதானையாரைப் பார்த்தார். விதானையார் தலையை ஆட்டினார். இருவரும் பெரிய தெருப் பக்கம் நடந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும் கலைந்தார்கள்.

அண்ணை எங்கள் வேலியில் நட்ட கதியால் தடி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அண்ணை."

"எவ்வளவு காலமாய்?"

"அண்டையிலை இருந்து."

"நான் ஒவ்வொரு நாளும் அதாலை போறனான். ஒரு சொல்லு சொல்லேல்லை நீ."

மச்சாள், "நான்தான் சொல்லவேண்டாமெண்டனான்," என்றா. அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கடகத்தைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மச்சாள் பின்னால் போனா.

தெரு வெளியால் போகாது என்பது அன்றைக்கே முடிந்துவிட்டது. அண்ணையே அடுத்த கூட்டத்தில் எழும்பி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாராம். ஆனால் கார் வரவேண்டும் என்ற தேவை அப்படியே இருந்தது. காணி அளக்கிறவர் திரும்ப வந்தார். இந்த முறை சங்கிலியை எங்கள் ஒழுங்கையில் பிடித்தார். எங்கள் மடக்கில் நின்று வளவுக்குள் எட்டிப் பார்த்தார். நான் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன்.

"முதன்முதல் நாங்கள் கீறினது இதைத்தான் அம்மா," என்றார் அவர். "உங்கடை அண்ணைதான் விடேல்லை. மடக்கை வெட்டினால் தங்கச்சியின்ரை குசினி போகும், ரெண்டு தென்னையும் போகும், வெளியாலை கொண்டு போங்கோ எண்டு நிண்டவர்."

செம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு என் சமையலறையைத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு நாளும் மடக்கில் மணியை அடித்துக்கொண்டு நிற்காமல் போன மனிதர், என் குசினியைக் காப்பாற்றத்தான் வெளியைக் கொடுக்கப் பார்த்திருக்கிறார். எனக்கு அதை ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை.

சனிக்கிழமை இவர் வந்ததும், மடக்கில் நிலம் கொடுப்போம் என்று சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார்.

"தெரு வேணுமெண்டது அவர். பொலிசைக் கொண்டுவந்து என்னைக் கள்ளனாக்கினது அவர். இப்ப நிலம் குடுக்கிறது நானோ?"

"நிலம் என்ரை சீதனம்," என்றேன். அப்படி நான் அதற்கு முன் சொன்னதில்லை.

அவர் எழும்பிப் போய்க் கை கழுவினார். நான் ஒரு முடிவு எடுத்திருந்தேன், ஆனால் அவர் இல்லாமல் அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து தூசி விழுந்தது. வெளியே வந்து பார்த்தேன். இவர் ஏணி வைத்துக் கூரையில் ஏறி நின்று ஓலைக் கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"சாமானை வெளியிலை எடு," என்றார். பிறகு, கையை நிறுத்தாமலே சொன்னார். "கொண்ணருக்காக இல்லை. மச்சாள் வராமல் விட்டிருக்கலாம். இவ்வளவு சனத்துக்கு முன்னாலை வந்து சொன்னாவே, அதுக்காக."

ஒரு நிபந்தனை மட்டும் வைத்தேன். கார் போகிற அளவுக்கு மேல் ஒரு அடியும் தரமாட்டேன். மடக்கை அகட்டலாம், நிமிர்த்தக்கூடாது. நிமிர்த்தினால் லொறி உள்ளே வரும். லொறி உள்ளே வந்தால், அடுத்ததாக வெளியைத்தான் கேட்பார்கள். காணி அளக்கிறவர் சிரித்துவிட்டு அப்படியே கீறினார். வெங்காயக்காரர்கள் சிரிக்கவில்லை. ஊரின் முன்னேற்றத்துக்குக் குறுக்கே நின்றவள் என்று என்னைப் பற்றிச் சொன்னார்கள். கோயிலில் என் பக்கத்தில் நின்ற சில பெண்கள் தள்ளி நின்றார்கள். வெங்காயக்காரர்கள் மூட்டைகளை அதன் பிறகும் வண்டியில்தான் கொண்டுபோகவேண்டியிருந்தது. அந்தக் கஷ்டம் பொய்யில்லை. மற்ற வளவுக்காரர்களும் வேலியைக் கொஞ்சம் கொஞ்சம் உள்ளே எடுத்தார்கள், சிலர் மனதோடு, சிலர் வசைபாடிக்கொண்டு. அடுத்த மாரிக்கு முன் ஒழுங்கைக்குக் கிறவல் போட்டு முடிந்தது. வெளியில் தண்ணீர் முன்போலவே நின்றது, ஊறியது, மிச்சம் குளத்துக்குப் போனது. எங்கள் கிணறு சவர்க்கவில்லை.

மச்சாள் வருவா, போவா. அந்த மேட்டைச் சுற்றி அண்ணை தன் கையால் கிளுவங்கதியால் நட்டு ஒரு சின்ன வேலி போட்டிருக்கிறார் என்று அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆனால் அவர் எங்கள் படலைக்குள் வரவில்லை. கண்டால் தலையை ஆட்டுவார். மகனுக்குத் திருவிழாவில் கச்சான் கடலை வாங்கிக் கொடுப்பார். என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. நான் மறைத்ததை அவரால் பொறுக்க முடியவில்லை என்று நினைத்தேன். குசினி போன இடத்தைப் பார்க்க முடியாமல்தான் வரவில்லை என்று மச்சாள் சொன்னா. இரண்டில் எது என்று கேட்கிற அளவுக்கு எங்களுக்குள் கதை இருக்கவில்லை. அப்படியே ஏழெட்டு வருடம் போய்விட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆமி ஜீப்புகள் தெருவில் அடிக்கடி ஓடத் தொடங்கின. இராணுவம் பெடியளைப் பிடித்துக்கொண்டு போகிறது என்று கதை வந்தது. ஒரு நாள் காலை, நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். மகனுக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. பெரிய தெருப் பக்கமிருந்து ஒரு இரைச்சல் வந்தது. கார் இரைச்சல் இல்லை என்பது உடனே தெரிந்தது. ஜீப் ஒழுங்கைக்குள் இறங்கி மெதுவாக வந்தது. எங்கள் மடக்கில் வேகம் குறைந்தது. பழைய குசினி நின்ற இடத்தில், திரும்புகிற அளவுக்கு இடம் பார்த்து, கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, பிறகு முன்னே போனது. உள்ளே இருந்தவர்களின் முகத்தை வேலிப் பொட்டுக்குள்ளால் பார்த்தேன். சின்னப் பெடியள்தான். துவக்கு மடியில் இருந்தது.

மகனைத் தேடி வீட்டுக்குள் ஓடினேன். அவன் இல்லை. பின்வேலியில் ஆள் நுழைகிற பொட்டு திறந்து கிடந்தது. ஊர்ப் பெடியள் எல்லோரும் அப்படித்தான் போயிருந்தார்கள். வேலிக்கு வேலி பொட்டுக்குள்ளால் புகுந்து வெளிக்குள் இறங்கி, ஒற்றையடிப் பாதைகளால் ஆளுக்கொரு பக்கமாக. ஜீப் ஒழுங்கை முடிகிற இடம்வரை போய், வெளியின் ஓரத்தில் நின்றதாம். அந்த மாதம் தண்ணீர் நின்றபடியால் இறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. மறுபடியும் எங்கள் மடக்கால் போனது. இரைச்சல் பெரிய தெருவில் கரைகிறவரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

படலை திறக்கிற சத்தம் கேட்டது. அண்ணை. சைக்கிளைக் கூடக் கொண்டுவரவில்லை, ஓடி வந்திருக்கிறார். மேலெல்லாம் வியர்வை.

"பெடியன் எங்கை?"

"வெளியாலை போயிட்டான்."

"கண்டனியோ?"

"காணேல்லை. பொட்டு திறந்து கிடக்குது."

அவர் பின்வேலிவரைக்கும் போய் அந்தப் பொட்டைப் பார்த்தார். வெளிப் பக்கம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். பிறகு வந்து கிணற்றுக்கட்டில் இருந்தார். நான் வாளியில் அள்ளிக் கொடுத்த தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தார். ஒழுங்கையைப் பார்த்தார்.

"இதை அகட்டச் சொன்னது நான்," என்றார்.

"நிலம் தந்தது நான்," என்றேன்.

நானும் தோய்க்கிற கல்லில் இருந்தேன். உடுப்பு அரைவாசி தோய்த்தபடி கிடந்தது. இருவரும் பின்வேலியைப் பார்த்துக்கொண்டு, மகன் வருகிற சத்தத்துக்காகக் காத்திருந்தோம்.